கரிசலில் சுழன்ற சக்கரங்கள்

தாயில்பட்டியைத் தாண்டி, ஓடையை ஒட்டிய வண்டிப்பாதையில் என் ஜீப் சிக்கிக்கொண்டது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, வண்டிதான் நகரவில்லை.

நான் கால்நடை மருத்துவர். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா காலையில் போன் செய்திருந்தார். மழை என்பதால் அவருக்கு அன்று வேலை இல்லை. பசுவுக்குப் பனிக்குடம் உடைந்து நேரமாகியும் கன்று வரவில்லை, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது என்றார். இன்னொரு கால் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். அதை நினைத்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்தானே என்ற தைரியத்தில் தார்ச்சாலையை விட்டுக் குறுக்கே இறங்கினேன்.

மறுபடியும் போன் அடித்தது.

"டாக்டரம்மா, எங்கன இருக்கீக?"

"ஓடைகிட்டக்கா. வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு."

"மாடு படுத்திருச்சும்மா. எந்திரிக்க மாட்டேங்குது."

ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன். அழுத்தக் கூடாது என்று தெரியும், கால் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது டயரில் வரிகளே தெரியவில்லை. நனைந்த கரிசல் அப்பி, நான்கும் மொழுக்கென்று இருந்தன. ரப்பர் தரையைத் தொட்டால்தானே பிடிக்கும்? அங்கே மண்ணின் மேல் மண் வழுக்கிக்கொண்டிருந்தது. பிடி இல்லாத சக்கரம் எதுவோ, என்ஜினின் வேகமெல்லாம் அதற்கே போய் வீணானது. நான் அழுத்திய அழுத்தில் சக்கரங்கள் குழி பறித்து இறங்க, வண்டியின் அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இனி நான்கு என்ன, எட்டுச் சக்கரம் இருந்தாலும் நகராது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். செருப்பில் மண் அப்பி அப்பிக் கால் கனத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பாதி வழியில், மாட்டைத் தன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அந்த அக்காவே எதிரே வந்தார்.

"பையக் குடுங்க. நீங்க முன்னால போங்க," என்றார்.

தொழுவத்தில், வீட்டுக்காரர் தலையைப் பிடித்திருக்க, பசு முக்கக்கூட வலுவில்லாமல் கிடந்தது. முழங்கை வரை கையை விட்டு, கன்றை மெல்லப் பின்னால் தள்ளி, மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையில் பொத்தி முன்னே கொண்டுவந்தேன். இரண்டு கால்களிலும் கயிறு கட்டி, பசு முக்கும்போது மட்டும் நானும் அக்காவும் இழுத்தோம். வெளியே விழுந்த கன்று அசையவில்லை. வாயிலும் மூக்கிலும் இருந்த கோழையை வழித்துவிட்டு, மூக்குக்குள் வைக்கோலால் குத்தினேன். சற்றுப் பொறுத்துத் தும்மியது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி தூறல் விழ ஆரம்பித்தது. ஜீப் இன்னும் புதையுமோ என்று வாசலுக்கும் தொழுவத்துக்குமாக அலைந்தேன்.

"வண்டி எங்கயும் போயிராதும்மா," என்றார் அக்கா. "ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க."

நின்றுகொண்டே சாப்பிட்டேன். பஸ் ஏறியதும் போன் செய்து, நஞ்சுக்கொடி விழுந்ததா என்று கேட்டேன். விழவில்லை என்றார். வீடு போய்ச் சேர்வதற்குள் மறுபடி கேட்டேன். "இப்பத்தான் விழுந்துச்சும்மா," என்றார்.

வெயிலடித்துப் பாதை இறுகிய பிறகு போய், அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நானுமாக ஜீப்பின் அடியிலிருந்த மண்ணைத் தோண்டி, டயர்களைச் சுரண்டி, சக்கரம் பிடிப்பதற்காக முன்னால் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பரப்பினோம். முதல் கியரில் அது அலுங்காமல் வெளியே வந்தது. அப்படியே கன்றையும் பார்க்கப் போனேன். மடங்கியிருந்த கால் லேசாக வீங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்க்கும்போதே போன் அடித்தது. விஸ்வநத்தத்தில் ஓர் ஆடு, வயிறு ஊதிக் கிடக்கிறதாம்.