அங்கன்வாடி வேலியில் ஊர் முருங்கை

போன வருடம் குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றில், ஊட்டச்சத்துத் திட்டத்துக்காக வீட்டுக்கொரு முருங்கைக் கன்று கொடுத்தேன்.

இன்று ஆய்வுக்குப் போனால் ஒரு வீட்டிலும் மரமில்லை.

"கன்னெல்லாம் எங்கக்கா?" என்று கன்று வாங்கியவர்களில் ஒருவரான செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுக்குக் கொல்லை ஏது சார்? வாசல்ல முருங்கை வச்சா ஆகாது. யாருக்கும் தெரியாம அங்கன்வாடி வேலியோரம் நட்டுட்டேன்."

"மத்தவங்க?"

"அவங்களும் யாருக்கும் தெரியாமத்தான் அங்க நட்டிருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். வேலி தெரியாத அளவுக்கு முருங்கை. உள்ளே பிள்ளைகள் கீரை சாம்பார் சோற்றை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

படிவத்தில் 'பயனாளி வீட்டில் மரம் உள்ளதா?' என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். திட்டம் படுதோல்வி.

இந்தத் தோல்வியை இன்னும் நாலு ஊருக்கு விரிவுபடுத்த யாரிடம் மனு கொடுப்பது?