வலப் பெட்டியில் விழுந்த அட்டை

சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கம்பளிச் சட்டையோடு பஸ் ஏறுகிற பெண்ணை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் அறையில் எப்போதும் குளிரூட்டி ஓடுகிறது. மனிதர்கள் நடுங்கலாம், இயந்திரம் சூடேறக் கூடாது. சிராங்கூன் ரோட்டில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா, "ஜொரமா பிள்ள?" என்று இன்னமும் கேட்கிறார்.

சென்னையில் இந்த வேலையைப் படித்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இப்போது அங்கிருந்து அண்ணன் எழுதுகிறார்: மாப்பிள்ளை வீட்டார் வேலைக்குப் போகும் பெண்ணை விரும்பவில்லை, நீ வந்ததும் விட்டுவிடுவாய் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இங்கேயோ, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. உள்ளூர்க்காரர் நூர்தீன் எழுதிய புரோகிராம் ஓடிவிட்டால் எனக்கு அனுமதி கேட்க முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நூர்தீனுக்கு வேலை பழக்குவதும் என் வேலைதான்.

அவர் இங்கே பிறந்த தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்த குமாஸ்தா. ஊழியர்களின் விவரங்களைத் துளைகளாகப் பதித்த அட்டைகளை அவருடைய புரோகிராம் படிக்க வேண்டும். குடிமக்களின் அட்டை இடப் பெட்டியிலும் மற்றவர்களுடையது வலப் பெட்டியிலும் விழ வேண்டும். மாலையில் மேனேஜர் பார்க்க வருவார். தவறினால் நூர்தீனுக்குப் பழைய குமாஸ்தா மேசைதான்.

"ஏழு தடவ ஓட்டிட்டேன் தங்கச்சி. வலப்பக்கம் மூணு பேரு கொறையுதுலா. இந்த மிஷினுக்கு என் மேல என்ன கோவம்?" என்றார் நூர்தீன், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு.

பிழைகளை எண் போட்டு எழுதுவது என் பழக்கம். அட்டையில் பெயருக்கு முப்பது கட்டம். அடுத்த கட்டத்தில் குடிமகன் என்றால் அதற்கென்று ஓர் எழுத்து, இல்லையென்றால் காலி. ஒன்று: அங்கே எந்த எழுத்து இருந்தாலும் குடிமகன் என்று அவருடைய புரோகிராம் நம்பியது. இரண்டு: சோதனைக்கு அவர் எடுத்ததெல்லாம் டான், லிம், அலி என்ற சின்னப் பெயர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நான் வெறும் மீ. விசாலாட்சி. இங்கே தலைப்பெழுத்து கிடையாது. மகள் என்பதற்கு 'டி ஓ' போட்டு அப்பாவின் பெயரை முழுதாக எழுதுவார்கள். 'விசாலாட்சி டி ஓ மீனாட்சிசுந்தரம்' ஆங்கிலத்தில் முப்பத்திரண்டு கட்டம்; மிஞ்சிய எழுத்து குடிமகன் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து இயந்திரம் என்னைக் குடிமகளாக எடுத்துக்கொண்டு இடப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தது.

மூன்று என்று எழுதி, பேனாவை வைத்துவிட்டேன்.

"நம்ம ஆளுங்க பேரையே மறந்துட்டேன் பாருங்க!" என்று சிரித்த நூர்தீன், அட்டையைப் பார்த்து நிறுத்தினார். "இது உங்களுதுல்ல? மத்த ரெண்டையும் மாத்துவோம். இது கெடக்கட்டும்."

"மேனேஜர் கையில எண்ணிக்கை இருக்கு அண்ணே. ஒண்ணு கொறஞ்சாலும் உங்க புரோகிராம் தப்புன்னுதான் சொல்வாரு."

அவர் அட்டையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஊருல கல்யாணம்னு சொன்னீங்கல்ல. சந்தோசமாப் போய்ட்டு வாங்க லா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

குடிமக்களுக்கான எழுத்தை மட்டுமே ஏற்கும்படி புரோகிராமில் ஒரு வரியை அவரே திருத்தினார். பெயரும் முப்பது கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், நான் துளையிடும் இயந்திரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் பெயரில் கடைசி இரண்டு எழுத்தை விட்டுப் புதிய அட்டை செய்தேன். மாலையில் அது வலப் பெட்டியில் விழுந்தது. மேனேஜர் நூர்தீனின் கையைக் குலுக்கினார். நானும் கை தட்டினேன்.

பழைய அட்டையை எறியவில்லை, கைப்பையில் வைத்திருக்கிறேன். அதில் அப்பாவின் பெயர் முழுசாக இருக்கிறது. அதில் நான் இந்த ஊர்க்காரி.