கூண்டை இழுக்கும் முன்

எதை நகர்த்துவதானாலும் உத்தமன் முதலில் மூன்று தட்டுத் தட்டுவார். கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், எதுவானாலும். மறுபக்கம் பிடித்திருப்பவர் "ம்" என்றால்தான் அவர் கை அசையும். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் கிரேனுக்குக் கீழே பளு கட்டியவர். பதில் வராமல் நகர்த்தினால் யாருக்காவது விரல் போகும் என்பார். மகள் எழிலுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அந்தத் தட்டல் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ஓய்வு பெற்றதும் நெமிலிச்சேரி வீட்டை ஒட்டிய காலி மனையில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கறிக்கோழி வளர்த்தார். இரும்புக் குழாயும் வலையும் வைத்து அவரே செய்த, அடியில்லாத கூண்டு. தினமும் காலையில் அதை ஒரு கூண்டு நீளம் இழுத்து, எச்சத்தை விட்டுப் புதுப் புல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். கறிக்கோழிக்கு உடம்பு கனம். கூண்டு நகர்ந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் அவர் மனைவி வனஜா பின்னால் நின்று குச்சியால் விரட்டுவாள். எல்லாம் முன்னே போனதும் "ம்" என்பாள். பிறகுதான் இழுப்பு.

அன்று அவர் காதில் போன் இருந்தது. தட்டினார், உடனே இழுத்துவிட்டார். "ம்" வரக் காத்திருக்கவில்லை. பின்குழாயின் கீழே ஐந்து கோழிகளின் கால் நசுங்கியது. கோழி வாங்க வந்து நின்ற பக்கத்துத் தெரு ஷோபனா பதறியதும், இவ ஒழுங்கா விரட்டல என்றார், வனஜாவைப் பார்க்காமலே.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எழில் எல்லாவற்றையும் பார்த்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. கல்லூரிப் பட்டிமன்றத்தில் பெண்ணுரிமை பேசிக் கோப்பை வாங்கியவள். வாயைத் திறக்கவில்லை. பயமா, அப்பாவின் மானமா, இன்றுவரை அவளுக்கே தெரியாது.

மறுநாள் வனஜா கூண்டின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் தட்டினார். பதிலில்லை. மறுபடி தட்டினார்.

"அதே ஷோபனாவ கூப்ட்டு, நான்தான் அவசரப்பட்டேன்னு சொல்லுங்க. அப்புறம் சொல்றேன் 'ம்'."

"கோழிக்குப் போயி இன்னா பஞ்சாயத்து?"

"கோழிக்கு இல்ல."

மூன்று நாள் கூண்டு நகரவில்லை. எச்சம் நாறியது; கோழிகளின் நெஞ்சு ஈரத்தில் சிவந்தது. நாலாம் நாள், அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சு என்று வனஜாவே இறங்கி வந்து "ம்" சொன்னாள். நாளைக்குச் சொல்லிடறேன் என்றார் உத்தமன். அந்த நாளைக்கு எட்டு மாதம் இழுத்தது. அதற்குள் ஷோபனாவின் வாயால் தெருவே வனஜாவைக் கைராசி இல்லாதவளாக்கியது. வாங்க வருகிறவர்கள், அண்ணன் இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஐப்பசி மழையில் ஒரு காலை, டீ குடித்துக்கொண்டிருந்த உத்தமன் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் ஷோபனா வந்தாள். கூண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அண்ணன் கையால ஒரு கோழி சேதமாவாது. இனிமே நீ எப்டிக்கா பாத்துப்ப?"

எழில் குறுக்கிட்டாள். அன்று அப்பாதான் பதில் வருவதற்குள் இழுத்தார், மாடியிலிருந்து பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். செத்தவரைப் போய் இப்படியா என்று முணுமுணுத்தபடி ஷோபனா கிளம்பிப் போனாள்.

அம்மாவின் முகம் தெளியும் என்று எழில் காத்திருந்தாள்.

"எட்டு மாசமா எங்க இருந்த நீ?" என்றாள் வனஜா. "நீ சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட. அவரு சொல்ல வேண்டியது அப்டியேதான் கீது."

குச்சியை எடுத்துக்கொண்டு கூண்டின் பின்பக்கம் போனாள்.