நேஷனாலிட்டி வாங்கிய பூனை

பத்து வயதுவரை எங்கள் வீட்டுப் பூனைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு என்று நம்பியவன் நான். இன்று நாலு பேர் என்னை விவரமானவன் என்று நினைக்கிறார்கள்; அவர்கள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பூனை பிறந்தது பக்கத்து வீட்டு சொல்தாவின் பழைய மரப்பெட்டியில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவரை, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டில் அவர், மனைவி, மகள் எல்லோருக்கும் நேஷனாலிட்டி.

"அங்க பொறந்தது இல்ல? பெருசானா பிரான்சு கூப்ட்டுக்கும்டா" என்றார் மாமா, மதிலோரம் பல் துலக்கியபடி. தினமும் அங்கேதான் துலக்குவார், மறுபக்கம் சொல்தா மகள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை. அவ்வளவு சுத்தமான வாயிலிருந்து பொய் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பூனையின் நடத்தையும் பொருந்திப்போனது. பழைய சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. குருசுக்குப்பத்து மீன்கார அம்மா கூடையை இறக்கும்போது மட்டும் எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிடும். அப்பாவின் சலவை வேட்டிமேல்தான் தூங்கும். ஆனால் நான் பள்ளிவிட்டு வந்ததும் தோளில் ஏறி, காதை நக்கிவிட்டுத்தான் இறங்கும். அது போய்விடும் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்தா குடும்பம் ஒரேயடியாகப் பாரீசுக்குக் கிளம்பிய காலையில், பூனையைக் காய்கறிக் கூடையால் கவிழ்த்து மூடி, மேலே உட்கார்ந்துகொண்டேன். விடைபெற வந்த சொல்தா, "கூடைல என்னாடா?" என்றார். காலி என்றேன். காலிக் கூடை கத்தியது. பிறகு பின்னலின் இடைவெளியில் ஒரு நகம் நீண்டது. என் கால்சட்டையின் முக்கியமான இடம் கிழிந்து நான் துள்ள, பூனை மதிலைத் தாண்டி, அவர்களுடைய திறந்திருந்த பயணப் பெட்டியில் புது ஸ்வெட்டர்களுக்கு நடுவே படுத்துக்கொண்டது.

ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டேன். "இத கூட்டிப்போவாதீங்க. இதுக்குத் தமிழ்தான் தெரியும்" என்று அழுதேன். மொத்த வீடும் சிரித்தது. சொல்தா மகள்தான் பூனையைத் தூக்கி என் தோளில் போட்டாள்.

"உன்னுதுதான்டா, வச்சுக்க."

அது உடனே என் காதை நக்கியது. பாரீசு தோற்றுவிட்டது. கிழிந்த கால்சட்டையோடு தெருவையே சுற்றி வந்தேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில், அவர்களை ஏற்றிக்கொண்டு கார் போன திசையையே பார்த்து நின்றார். பொய் வெளிப்பட்ட வெட்கம் என்று முடிவுகட்டி, மாலையில் பூனையோடு போய் வழக்குத் தொடுத்தேன். நேஷனாலிட்டி இருக்கிறது என்றாரே, பின் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

மாமா பூனையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பூனைக்கெல்லாம் குடுப்பாங்கன்னா, நான் ஏன்டா இங்க குந்திக்கினு இருக்கேன்?"