மணிக்கட்டில் 92, நெஞ்சில் 148

1930களில் நான் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நர்ஸ். ஒரு மார்கழிக் காலையில், முத்தியால்பேட்டை மில் தொழிலாளி அந்தோணி, அதே மில்லில் வேலை பார்த்த தன் மனைவி லூர்துமேரியை, ஆள் தள்ளும் புஷ் வண்டியில் கொண்டுவந்தார். அவளுக்கு மூச்சு இரைத்தது. நாடி பார்த்து சார்ட்டில் 90 என்று எழுதினேன்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு முறைத்தார். "என்னம்மா எண்ணினே? இங்க நூத்தம்பது ஓடுது."

"சரியாதான் எண்ணினேன், மிசியே," என்றேன். பிரெஞ்சு ஊரில் டாக்டரை 'ஐயா' என்று கூப்பிடுவது அப்படித்தான்.

"வா, ரெண்டு பேரும் சேர்ந்தே எண்ணுவோம்."

அவர் நெஞ்சில், நான் மணிக்கட்டில், ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம். அவருக்கு 148, எனக்கு 92. இருவருமே தப்பில்லை. இதயம் தாறுமாறாகத் துடித்ததால் பல துடிப்புகள் கைவரைக்கும் வரவில்லை.

துடிப்பை அடக்க டிஜிட்டாலிஸ் மருந்து கொடுத்தோம். நாலு நாளாகியும் வேகம் அடங்கவில்லை. "வால்வு கெட்டிருக்கும். பிழைக்கிறது கஷ்டம்," என்றார் டாக்டர். அந்தோணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் தாயார் மட்டும் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"பேய் புடிச்சிருக்கு இவளுக்கு. வீட்டுக்கு அனுப்புங்க, சாமியார வச்சு மந்திரிக்கணும்."

"பேய்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்ன? மூணு ஆள் சோறு திங்கறா, எலும்பா போறா. கை நடுங்குது. இந்தப் பனியில போர்வைய ஒதச்சுத் தள்றா!"

போர்வையை நானும் பார்த்தேன். நாலு நாளும் எடுத்து எடுத்துப் போர்த்தினேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் லூர்துமேரியை ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொன்னார். கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம் ஏறி இறங்கியது.

"தைராய்டு," என்றார். "இது அளவுக்கு மீறிச் சுரந்து இதயத்த விரட்டுது. நானும் கழுத்தப் பார்க்காம விட்டுட்டேன்."

பாலில் அயோடின் சொட்டு விட்டு மூன்று வேளை கொடுத்தோம். இரண்டு வாரத்தில் துடிப்பு சீரானது. பிறகு சென்னையில் ஆபரேஷன். கூடப் போய் இருந்து பார்த்துக்கொண்டவர் அந்த மாமியார்தான்.

லூர்துமேரி திரும்பி வந்தபோது, ஆபரேஷனில் குரல் நரம்பு அடிபட்டு, குரல் கரகரத்துப் போயிருந்தது. "கோயில்ல பாட முடியல நர்சம்மா," என்றாள். கொஞ்சம் அழுதாள். பிறகு மறுபடி மில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

புதிதாக வரும் நர்சுகளுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டார் பேய் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். அந்தப் பேய் என்னென்ன செய்கிறது என்று கேட்டு, சார்ட்டில் எழுதுங்கள்.