பல்லவன் இளைப்பாறிய ஊராட்சி

முன்பு எங்களைக் கடலூரிலிருந்து ஆண்டார்கள், பிறகு விழுப்புரத்திலிருந்து. அந்த மாவட்டத்தையும் இன்னொரு முறை பிளந்தார்கள். கிளியனூருக்கு உள்ளடங்கிய எங்கள் ஊரில் இதனால் மாறியது பெயர்ப்பலகை மட்டும். காலனித் தெருவில் அன்றும் குழாய் இல்லை, இன்றும் இல்லை.

ஒரு கோடையில் ஊராட்சித் தலைவரின் கணவர் என் வீட்டுக்கு வந்தார். தேர்தலில் ஜெயித்தது அந்த அம்மாள். "தலைவரே" என்று ஊர் கும்பிடுவது இவரை. மே தின கிராம சபையில் ஊர் வரலாற்றை ஃபிளெக்ஸ் அடித்து நிறுத்த வேண்டுமாம்.

"சார், நீங்க கவிதயெல்லாம் எழுதறவரு. நம்ம ஊருக்கு ஒரு ராஜாவப் போட்டுடுங்க."

"எந்த ராஜா?"

"பனமலையில கோயில் கட்டுனாரே, அந்தப் பல்லவரு. போற வழியில இங்க குந்தி இளைப்பாறுனாருன்னு."

"பனமலை அந்தக் கோடி, நாம இந்தக் கோடி."

"ராஜா என்னா பஸ்ஸா புடிக்கணும்? சுத்திக்கினு வந்திருப்பாரு."

எழுதிக் கொடுத்தேன். வெண்குதிரை, ஏரிக்கரை, மன்னன் இரு கை குவித்து அள்ளிக் குடித்த நீர். வரலாறு ஒரு வரி, வர்ணனை ஒரு பக்கம்.

எங்கள் ஊரில் கிராம சபைக்குக் கூட்டம் சேர்ப்பது சுலபம். வராவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது என்று காலனியில் சொல்லிவிட்டால் போதும். அன்றும் காலனிப் பெண்கள்தான் முன்வரிசையில், தரையில். அவர்களில் ஒருத்தி குழாய்த் தீர்மானத்துக்காகவே வந்திருந்தாள். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போவதற்கு முன் ஊர்த்தெருவிலிருந்து குடம் குடமாய்ச் சுமப்பவள். மருமகளுக்கு மாதம் ஏறிவிட்டது. இனிமேல் இடுப்பில் குடம் வைக்க முடியாது.

வெண்குதிரைப் படத்தோடு நிறுத்தியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்துக் கணவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மன்னன் நீர் அருந்திய இடம் வந்ததும் அவள் எழுந்தாள்.

"இருங்க தலைவரே. ராஜா எந்தத் தெருவுல தண்ணி குடிச்சாரு?"

"ஏரியிலம்மா. குந்து."

"அதான பாத்தேன். காலனிப் பக்கம் வந்திருந்தா நாக்கு வறண்டுல்ல போயிருப்பாரு. எங்க பைப்பு எப்ப வரும்?"

பெண்கள் சிரித்தார்கள். ஊராட்சிச் செயலர் சிரிக்கவில்லை. முன்பே எழுதிக்கொண்டு வந்திருந்த தீர்மானத்தை வாசித்தார்: மன்னர் நினைவாக ஊர் முகப்பில் அலங்கார வளைவு.

"சரித்திரம் உள்ள ஊரும்மா. மொதல்ல வளைவு. பைப்ப அடுத்த சபையில பாக்கலாம்" என்றார் கணவர்.

"அதுக்குள்ள எம் மருமவ பெத்துடுவா. புள்ளயக் குளிப்பாட்ட அந்த ராஜாவ வரச் சொல்லுங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டம் கலைந்ததும் அவள் ஃபிளெக்ஸைக் கேட்டாள். வளைவு கிடைத்த மகிழ்ச்சியில் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது வளைவு நிற்கிறது. காலனி வழியாகப் போனபோது அவள் வீட்டோரம் நான்கு கழிகளில் என் வெண்குதிரை படபடத்துக்கொண்டிருந்தது. உள்ளே பச்சைக் குழந்தையின் அழுகை. ஊர்த்தெருவிலிருந்து குடத்தோடு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"உங்க ராஜாதான் சார் புள்ளயக் குளிப்பாட்ட மறைப்பு. கெட்டி ஷீட்டு. ரெண்டு மழ தாங்கும்."

குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள்.