கண்ணாடி துடைத்தவர்

லண்டன் வெம்பிளியில் ஒரு மண்டபம் இருந்தது. இப்போது அது கார்ப்பெட் கடை. எண்பதுகளில் அங்கே எங்கள் தமிழ் ஆட்கள் பழைய ரஷ்யப் படமொன்று போட்டார்கள். மழைக்கு ஒதுங்கத்தான் நானும் மனைவியும் உள்ளே போனோம். பாதிரிமாரைக் கேலி செய்யும் ஊமைப்படம். இடையிடையே ரஷ்ய எழுத்து வரும். எனக்குத் தமிழ் எழுத்தே தகராறு.

திரைக்குப் பக்கத்தில் கறுத்தக் கோட்டுப் போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் நின்று அதைத் தமிழில் சொன்னார். எழுத்து வரும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றி, டையில் துடைத்து, மாட்டிக்கொண்டுதான் வாசிப்பார். ஊர்வலத்தில் சிலுவையை யார் தூக்குவதென்று இரண்டு பாதிரிமார் இழுபட்டார்கள்.

"விடடா, எங்கட பகுதிதான் முதல் வடம் பிடிக்கிறது," என்றார் அவர்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். லண்டன் வந்து மூன்று வருடமாக, நான் என்ன பகிடி விட்டும் சிரிக்காதவள். எனக்கு வயிறு எரிந்தது.

படம் முடிந்ததும் அவரிடம் போனேன். "ரஷ்யன் எங்கை படிச்சனீங்கள்?"

"ஒரெழுத்தும் தெரியாது அண்ணை. எங்கட ஊர்த் தேர்ச் சண்டையைச் சொன்னனான். கண்ணாடி துடைக்கிற நேரத்திலைதான் யோசிக்கிறது."

பஸ்ஸில் மனைவியிடம் அதைப் போட்டுக்கொடுத்தேன். ஆளின் மதிப்புக் குறையும் என்று நினைத்தேன். அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள்.

வீடு வரும்வரை என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.